‘ஸ்கேன் நார்மல்’ என்று வந்த பிறகும்: தன்னெதிர்ப்பு மூளையழற்சிக்கு எம்ஆர்ஐயும் பெட் ஸ்கேனும் எவ்வளவு உதவும்?

உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் நோயைத் தன்னெதிர்ப்பு மூளையழற்சி என்கிறோம். மருத்துவமனைகளில் இதற்கு ஆட்டோஇம்யூன் என்செபலைட்டிஸ் என்று பெயர். இந்தச் சந்தேகம் எழுந்தவுடன் எழுதப்படும் முதல் சோதனைகளில் ஒன்று மூளை எம்ஆர்ஐ. சில இடங்களில் அடுத்ததாக, மூளை குளுக்கோஸை எரிப்பதைக் காட்டும் எஃப்டிஜி பெட்-சிடியும் எடுக்கச் சொல்கிறார்கள். இங்கே நாங்கள் மதிப்பிடுவது எந்த ஸ்கேன் சென்டரையும் அல்ல. இந்த இரண்டு சேவைகளையும்தான்: எதற்கு உதவும், எதற்கு உதவாது, எப்படிக் கேட்டால் முழுப் பயன் கிடைக்கும்?

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மற்ற நோய்களை விலக்குவதற்கு எம்ஆர்ஐக்கு மாற்று கிடையாது. சில வகைகளில் எந்த ஆன்டிபாடியை (தாக்குதலில் ஈடுபடும் எதிர்ப்புப் புரதத்தை) தேட வேண்டும் என்றுகூட அது காட்டிக்கொடுக்கும். ஆனால் ‘இந்த நோய் இருக்கிறதா, இல்லையா’ என்று ஒரே வரியில் பதில் கேட்டால் அது தோற்றுப்போகும். அந்த ஒரு வரிப் பதிலை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடுவதால்தான் அதிக இழப்பு நேர்கிறது.

இந்த நோயில் பரவலாக அறியப்பட்ட வகை, மூளை செல்களிலுள்ள என்எம்டிஏ ஏற்பியைத் தாக்கும் ஆன்டிபாடியால் வருவது. அதற்கான ஆன்டிபாடி 2007-இல் அடையாளம் காணப்பட்டது. 2013-இல் வெளியான 577 நோயாளிகளின் தொகுப்பில் எம்ஆர்ஐயில் மாற்றம் தெரிந்தது 33 சதவீதம் பேருக்கு மட்டும்தான். அதே தொகுப்பில், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜியில் 90 சதவீதம் பேருக்கும், தண்டுவட நீரில் 79 சதவீதம் பேருக்கும் கோளாறு தெரிந்தது. மூன்றில் இரண்டு பேருக்கு ஸ்கேன் சுத்தமாகவே வரும் என்று இதற்குப் பொருள். தூக்கம் கெட்டு, பேச்சு குழறி, யாரோ துரத்துவதாகப் பயந்து, பிறகு வாயும் கையும் தானாக அசையத் தொடங்கிய இளம்பெண்ணின் எம்ஆர்ஐ நார்மல் என்றால், அது இந்த நோய்க்குப் பொருந்தாத முடிவு அல்ல. இந்த நோயில் வழக்கமாக வரும் முடிவே அதுதான். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மனநலப் பிரிவோடு நிறுத்திவிடக் கூடாது. ஈஈஜியும் தண்டுவட நீர்ச் சோதனையும் அன்றே நடக்க வேண்டும்.

2016-இல் வந்த சர்வதேச வரையறையும் இதை ஒட்டியே அமைந்தது. மூன்று மாதத்துக்குள் வேகமாக வந்த நினைவுக் குறைபாடு, தெளிவின்மை அல்லது மனநல மாற்றம் இருக்க வேண்டும். அதோடு புதிய நரம்பியல் குறை, முன்பு இல்லாத வலிப்பு, தண்டுவட நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 5-க்கு மேல் வெள்ளணுக்கள், மூளையழற்சியைக் காட்டும் எம்ஆர்ஐ ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். வேறு காரணங்களையும் நியாயமான அளவுக்கு விலக்கியிருக்க வேண்டும். எம்ஆர்ஐ நான்கில் ஒன்று, அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் அதற்குத் தனி அதிகாரம் உண்டு. நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டிய பொட்டு மடலின் உட்பகுதியும் இரு பக்கமும் வெண்மையாகி, மாற்றம் அந்த இடத்தைத் தாண்டாமல் இருந்தால் அதை லிம்பிக் வகை என்பார்கள். அதோடு ஈஈஜியிலோ தண்டுவட நீரிலோ உரிய மாற்றம் இருந்து, மற்ற காரணங்களும் விலக்கப்பட்டிருந்தால், ஆன்டிபாடி ரிப்போர்ட் வருவதற்கு முன்பே நோயை உறுதி செய்யலாம் என்கிறது அந்த வரையறை. ஆன்டிபாடி முடிவுக்குப் பல நாள் காத்திருக்க வேண்டிய ஊர்களில் இதன் மதிப்பு மிகப் பெரிது.

சீட்டில் என்ன எழுதுகிறோமோ அதுதான் கிடைக்கும்

வெறுமனே ‘எம்ஆர்ஐ பிரெய்ன்’ என்று எழுதி அனுப்பினால் பெரும்பாலும் வருவது 5 மில்லிமீட்டர் தடிமனில், மூளையைக் கிடைமட்டமாக வெட்டிய படங்கள்தான். ஹிப்போகேம்பஸ் சுண்டுவிரல் பருமன் உள்ள உறுப்பு. இப்படி வெட்டினால் அது நான்கைந்து துண்டுகளில் மங்கலாக வந்து போய்விடும். லேசான வீக்கம் தப்பிவிடும். ரேடியாலஜிஸ்ட்டும் எதைத் தேடுவது என்று தெரியாமலேயே படிப்பார். ‘3 வாரமாக நினைவு தடுமாற்றம், 2 முறை வலிப்பு, கடைசி வலிப்பு நேற்று இரவு 10 மணிக்கு, மூளையழற்சி சந்தேகம், ஹிப்போகேம்பஸுக்குக் கரோனல் படங்கள் வேண்டும், காண்ட்ராஸ்ட் தேவை’ என்ற ஒரு வரி சீட்டில் இருந்தால் அதே மெஷினிலிருந்து வேறு தரமான ரிப்போர்ட் வரும். கரோனல் என்பது முகத்துக்கு இணையாக, செங்குத்தாக வெட்டிய படம். காண்ட்ராஸ்ட் என்பது படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து. கடைசி வலிப்பு எப்போது என்பதை விட்டுவிடாதீர்கள். அதன் காரணம் கீழே வருகிறது.

எம்ஆர்ஐ மெஷின் ஃபிளேர், டி1, டி2, டிஃபியூஷன் எனப் பல வகைப் படங்கள் எடுக்கும். அவற்றில் முதலிடம் ஃபிளேருக்கு. அழற்சியால் நீர் கோத்த இடம் இதில் வெண்மையாகத் தெரியும். 1 மில்லிமீட்டர் அளவில் எடுக்கும் 3டி ஃபிளேர் இருந்தால் எந்தக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கலாம். அந்த வசதி இல்லையென்றால் ஹிப்போகேம்பஸின் நீள அச்சுக்குச் செங்குத்தாக, 3 மில்லிமீட்டருக்கு மிகாமல், கரோனல் ஃபிளேரும் டி2வும் கேளுங்கள். திசுவில் நீரின் நகர்வைக் காட்டும் டிஃபியூஷன் படம், அதை அளந்து காட்டும் ஏடிசி வரைபடத்தோடு வேண்டும். ரத்தக்கசிவைக் காட்டும் எஸ்டபிள்யூஐ வேண்டும். வலிப்பு நோய்க்காக 2019-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் பரிந்துரைத்த எம்ஆர்ஐ முறையில் 3டி டி1, 3டி ஃபிளேர், மெல்லிய கரோனல் டி2 ஆகிய மூன்றும் இருக்கின்றன. அந்த முறையை வைத்திருக்கும் சென்டரில் டிஃபியூஷன், எஸ்டபிள்யூஐ, காண்ட்ராஸ்ட் ஆகியவற்றைக் கூடுதலாகக் கேட்டால் போதும்.

நேரம் மிச்சப்படுத்துவதற்காகக் காண்ட்ராஸ்ட்டுக்கு முந்தைய டி1 படத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ரத்தக்கசிவும், எல்ஜிஐ1 என்ற ஆன்டிபாடி வகையில் மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியாவில் வரும் மாற்றமும் மருந்து ஏற்றும் முன்பே டி1-இல் வெண்மையாக இருக்கும். முந்தைய படம் இல்லாவிட்டால் அந்த வெண்மையைக் காண்ட்ராஸ்ட் ஏறியதாகப் படித்துவிடுவார்கள்.

காண்ட்ராஸ்ட் மருந்து கடோலினியம். வழக்கமான அளவு எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். மில்லியில் எவ்வளவு என்பது மருந்தின் செறிவைப் பொறுத்தது. ஒரு மில்லியில் 0.5 மில்லிமோல் உள்ள மருந்து 60 கிலோ எடைக்கு 12 மில்லி. 1.0 மில்லிமோல் உள்ளது 6 மில்லி. மருந்து ஏற்றிய உடனேயே டி1 எடுத்துவிடாமல் ஐந்து நிமிடமாவது விட்டு எடுத்தால் உறைகளிலும் சிறு நாளங்களைச் சுற்றியும் மருந்து ஏறுவது தெளிவாகத் தெரியும். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்குக் காண்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்தாலும் ஃபிளேரும் டிஃபியூஷனும் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.

மெஷினின் காந்த வலிமை 3 டெஸ்லாவா, 1.5 டெஸ்லாவா என்று பலர் கேட்கிறார்கள். 3 டெஸ்லா நல்லதுதான். ஆனால் சரியான படங்களைக் கேட்டு எடுத்த 1.5 டெஸ்லா, வழக்கமான படங்களோடு முடித்துவிட்ட 3 டெஸ்லாவைவிடப் பயனுள்ளது என்பதே எங்கள் கருத்து.

படம் கெடும் இடங்கள்

முழு ஸ்கேனுக்கு 30 முதல் 45 நிமிடம் ஆகும். இந்த நோயாளிகளில் பலரால் அவ்வளவு நேரம் அசையாமல் படுக்க முடியாது. டெக்னீஷியனிடம் டிஃபியூஷனையும் ஃபிளேரையும் முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் முக்கியமானவை கையில் இருக்கும். அசைவு அதிகமென்றால் மயக்க மருந்து நிபுணர் உடனிருக்க வேண்டும். என்எம்டிஏ வகையில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் திடீரென ஏறி இறங்கும். ஆகவே எம்ஆர்ஐ அறைக்குள் வைக்கக்கூடிய மானிட்டர் இல்லாத இடத்தில் மயக்கம் கொடுத்து எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மயக்கத்தில் இருப்பவருக்கு நூறு சதவீத ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் ஃபிளேர் படத்தில் மூளை மடிப்புகளுக்கு இடையிலுள்ள நீர் வெண்மையாகத் தெரியும். பார்ப்பதற்கு மூளை உறை அழற்சி (மெனிஞ்சைட்டிஸ்) போலவே இருக்கும். ஆக்சிஜன் கொடுத்த விவரம் ரேடியாலஜிஸ்ட்டுக்குத் தெரியாவிட்டால் இல்லாத மெனிஞ்சைட்டிஸ் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். முதுகில் நீர் எடுத்த பிறகு காண்ட்ராஸ்ட் ஸ்கேன் எடுத்தாலும் இதே போன்ற குழப்பம் வரும். நீரழுத்தம் குறைவதால் மூளையின் வெளி உறை காண்ட்ராஸ்ட்டை அதிகமாக வாங்கிக்கொள்ளலாம். முடிந்தால் ஸ்கேன் முதலில், நீர் பிறகு. இல்லையென்றால் நீர் எடுத்த தேதியைச் சீட்டில் குறித்துவிடுங்கள். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு காண்ட்ராஸ்ட் ஏறும் இடங்கள் மங்கிவிடும். அதனால் அந்தத் தேதியும் வேண்டும். இதற்காக, நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கும் நோயாளிக்குச் சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

எது எப்படித் தெரியும்

எல்ஜிஐ1 ஆன்டிபாடி வகை பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதினருக்கு வருகிறது, ஆண்களுக்குச் சற்று அதிகமாக. முகமும் அதே பக்கக் கையும் ஒரு கணம் வெட்டி இழுக்கும். ஒரு நாளில் பல முறை இது வரும். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும். எம்ஆர்ஐ நன்றாக வேலை செய்யும் வகை இது. நினைவு கெடும் கட்டத்தில் பெரும்பாலோருக்கு ஹிப்போகேம்பஸ் ஒரு பக்கமோ இரு பக்கமோ வீங்கி, ஃபிளேரில் வெண்மையாகத் தெரியும். மாதங்கள் கழித்து அதே இடம் சுருங்கிப்போகும். ஆனால் கை வெட்டி இழுப்பது மட்டுமே இருக்கும் முதல் கட்டத்தில் ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். நினைவு கெடுவதற்கு முன் சிகிச்சை தொடங்கக் கிடைக்கும் வாய்ப்பும் அந்தக் கட்டம்தான். ஸ்கேன் மாறட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

காபா-பி வகையிலும் ஹிப்போகேம்பஸ்தான் பாதிக்கப்படும். படத்தை மட்டும் வைத்து எல்ஜிஐ1-இலிருந்து அதைப் பிரிக்க முடியாது. ஆனால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நுரையீரலில் சிறுசெல் புற்றுநோய் இருக்கும். அதனால் அடுத்த ஸ்கேன் நெஞ்சுக்கு. காபா-ஏ வகை முற்றிலும் வேறு. மூளையின் மேலடுக்கான புறணியிலும் அதை ஒட்டியும் பல இடங்களில் திட்டுத்திட்டாக வெண்மை தெரியும், வலிப்பு நிற்காமல் வரும். அப்படிப்பட்ட படம் வந்தால் காபா-ஏ சோதனையைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கமான ஆன்டிபாடி தொகுப்புகளில் அது பெரும்பாலும் இருக்காது.

ஜிஎஃப்ஏபி வகை 2016-இல் விவரிக்கப்பட்டது. இதில் காண்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்தால் முக்கியமான அடையாளத்தையே தவறவிடுவோம். மூளையின் நீரறைகளிலிருந்து வெளிப்புறமாக, சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, நாளங்களைச் சுற்றி நேர்கோடுகளாகக் காண்ட்ராஸ்ட் ஏறும். இதைப் பார்த்துவிட்டால் தண்டுவட நீரில் அந்த ஆன்டிபாடியைத் தேடலாம். ரத்தத்தில் தேடுவதைவிட நீரில் தேடுவதே நம்பகமானது. எம்ஓஜி வகையில் சிலருக்கு ஒரு பக்கப் புறணி மட்டும் ஃபிளேரில் வெண்மையாகி, தலைவலி, காய்ச்சல், வலிப்போடு வரும். வைரஸ் நோய் என்றே பலமுறை சிகிச்சை நடக்கும். எம்ஏ2 வகையில் ஹைப்போதலாமஸும் நடுமூளையும் மாறலாம். இளம் ஆண்களில் இது தெரிந்தால் விதைப்பைக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்காமல் விடக் கூடாது. டிபிபிஎக்ஸ் வகையிலும் பிக்கர்ஸ்டாஃப் மூளைத்தண்டு அழற்சியிலும் எம்ஆர்ஐயால் பெரிய உதவி இல்லை.

ஏமாற்றும் படங்கள்

முதலாவது ஹெர்பிஸ் வைரஸ். அதுவும் பொட்டு மடலின் உட்பகுதியைத்தான் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாக இருக்கும், இன்சுலாவுக்கும் நெற்றி மடலின் அடிப்பகுதிக்கும் பரவும், டிஃபியூஷனில் பளிச்சென்று தெரியும், ரத்தக்கசிவும் வரலாம். பேசல் கேங்லியாவைப் பொதுவாகத் தொடாது. இந்த வேறுபாடுகள் உதவும். ஆனாலும் படத்தை மட்டும் நம்பி ஹெர்பிஸுக்கான மருந்தான அசைக்ளோவிரை நிறுத்தக் கூடாது. முதல் 72 மணி நேரத்தில் தண்டுவட நீரில் வைரஸைத் தேடும் பிசிஆர் தவறாக நெகட்டிவ் வரலாம். சந்தேகம் நீங்காவிட்டால் 3 முதல் 7 நாட்களுக்குள் மறுபடி நீர் எடுக்க வேண்டும். ஹெர்பிஸ் குணமான பிறகு தன்னெதிர்ப்பு மூளையழற்சி தொடர்ந்து வருவதும் உண்டு. 2018-இல் வெளியான ஆய்வில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 51 பேரில் 14 பேருக்கு அது வந்தது. பழைய சேதம் படத்தை நிறைத்திருப்பதால் இந்த இரண்டாவது தாக்குதலை எம்ஆர்ஐயில் பிரித்தறிவது கடினம்.

தமிழ்நாட்டு வாசகர்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை மறக்கக் கூடாது. இந்தியாவில் அது முதலில் அறியப்பட்டதே 1955-இல், வேலூரில். மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் இரு பக்கமும் மாறியிருந்தால் முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும். மூளையின் அடிப்பகுதி உறைகளில் காண்ட்ராஸ்ட் தடித்து ஏறியிருந்தால் காசநோய். சிபிலிஸ், லிம்பிக் வகையைப் போலவே படம் காட்டக்கூடியது. ஒரு விடிஆர்எல் சோதனையோடு தீர வேண்டிய சந்தேகத்தை நிலுவையில் வைக்காதீர்கள். புறணி முழுக்க ரிப்பன் போல டிஃபியூஷனில் வெளுத்திருந்தால், மூளையை வேகமாகச் சிதைக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயை நினைக்க வேண்டும்.

கடைசி வலிப்பின் நேரத்தைக் கேட்டதற்குக் காரணம், நீண்ட வலிப்புக்குப் பிறகு ஹிப்போகேம்பஸ் வீங்கி, ஃபிளேரிலும் டிஃபியூஷனிலும் வெளுத்துத் தெரியும் என்பதே. அது நோயின் காரணம் அல்ல, வலிப்பின் விளைவு. ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தால் பெரும்பாலும் குறைந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, குறையாமல் மெல்ல வளர்ந்தால் கட்டி, அதாவது கிளையோமா, என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆரோக்கியமான ஹிப்போகேம்பஸே மற்ற புறணியைவிடக் கொஞ்சம் வெண்மையாகத்தான் ஃபிளேரில் வரும், 3 டெஸ்லாவில் இன்னும் கூடுதலாக. வீக்கம் இல்லாமல், இரு பக்கமும் சமமாக, டி2-இல் ஒன்றும் தெரியாமல் ஃபிளேரில் மட்டும் ‘லேசான வெண்மை’ என்று எழுதியிருந்தால் அதை நம்பி ஸ்டீராய்டும், ஐவிஐஜி என்ற இம்யூனோகுளோபுலின் ஊசியும் தொடங்கிவிடக் கூடாது. இல்லாத நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் இருக்கிறார்கள். 2023-இல் ஆறு மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் தவறாக இந்த நோய் என்று முடிவுகட்டப்பட்ட 107 பேர் இருந்தார்கள். அவர்களில் 72 சதவீதம் பேர் 2016 வரையறைக்குள்ளேயே வரவில்லை. உண்மையில் அவர்களுக்கு இருந்தவற்றில் செயல்பாட்டு நரம்பியல் கோளாறும் (மூளையில் சேதம் இல்லாமல் அதன் இயக்கத்தில் வரும் கோளாறு), மூளை தேயும் நோய்களும், மனநல நோய்களும் முன்னணியில் நின்றன.

பெட் ஸ்கேன்: எப்போது செலவுக்குத் தகும்?

எம்ஆர்ஐ நார்மல், ஆனால் சந்தேகம் வலுவாக இருக்கிறது என்ற நிலையில் எஃப்டிஜி பெட் உதவும். மூளை எங்கே எவ்வளவு குளுக்கோஸை எரிக்கிறது என்று அது காட்டும். என்எம்டிஏ வகையில் பிடரி மடலில் எரிவு வெகுவாகக் குறைந்து, முன்பக்கமும் பொட்டுப் பக்கமும் கூடியிருப்பது ஒரு நல்ல அடையாளம். எல்ஜிஐ1 வகையில் பேசல் கேங்லியாவும் ஹிப்போகேம்பஸும் கூடுதலாக எரியும், எம்ஆர்ஐ சுத்தமாக இருக்கும்போதுகூட.

ஆனால் தயாரிப்பு சரியில்லாவிட்டால் செலவு வீண். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. ஊசி போடுமுன் சர்க்கரை பார்க்க வேண்டும். அது 200-ஐத் தாண்டியிருந்தால் வேறு நாள் வைத்துக்கொள்வது நல்லது. ஊசிக்கு முன்பும், பிறகு 20 முதல் 30 நிமிடமும், மங்கிய வெளிச்சத்தில் பேசாமல், போன் பார்க்காமல் படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீடியோ பார்த்தால் பிடரி மடல் வேலை செய்துவிடும், நாம் தேடும் அடையாளமே கலைந்துவிடும். மயக்க மருந்து தேவைப்பட்டால் ஊசி போட்டு மூளை அதை வாங்கிக்கொண்ட பிறகு கொடுப்பது நல்லது. வலிப்பு மருந்துகளும் ஸ்டீராய்டும் புறணியின் எரிவை மாற்றும். அவற்றின் பெயர், அளவு, தொடங்கிய தேதியை எழுதிக் கொடுங்கள். ஊசி போட்ட பின் வலிப்பு வந்ததா என்பதும் ரிப்போர்ட் எழுதுபவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரே ஊசியில் மூளையையும் உடலையும் பார்த்துவிடலாம். ‘மூளைக்குத் தனியாக 10-15 நிமிடப் படமும் வேண்டும், உடல் முழுவதும் கட்டி தேட வேண்டும்’ என்று முன்கூட்டியே கேளுங்கள். புற்றுநோய்க்கு எடுக்கும் வழக்கமான பெட்டில் மூளை மேலோட்டமாகத்தான் வரும், சில இடங்களில் வராமலேயே போகும். பல வகைத் திசுக்கள் கலந்து வளரும், சூல்பையின் டெரட்டோமா கட்டிக்கு மட்டும் பெட்டை நம்பாதீர்கள். அது பொதுவாக எஃப்டிஜியை வாங்காது. 577 பேர் தொகுப்பில் 38 சதவீதம் பேருக்குக் கட்டி இருந்தது. அவற்றில் 94 சதவீதம் சூல்பை டெரட்டோமா. அதற்கு இடுப்பு எம்ஆர்ஐயோ, திறமையான கையால் செய்த அல்ட்ராசவுண்டோதான் வேண்டும். மூளைக்கு மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐ எடுக்கும் அதே அமர்வில் இடுப்பையும் எடுத்துவிட்டால் இன்னொரு மயக்கம் மிச்சம். முதல் தேடலில் ஒன்றும் கிடைக்காவிட்டால், கட்டியோடு நெருங்கிய ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை என 2 ஆண்டுகள் தேடலைத் தொடரச் சொல்கிறது, புற்றுநோயோடு சேர்ந்து வரும் நரம்பியல் நோய்களுக்கான 2021 வரையறை.

மூளை எம்ஆர்ஐயை மறுபடி எப்போது எடுப்பது? நோயாளி தேறிக்கொண்டிருந்தால் அவசரமில்லை, சில மாதம் கழித்து ஒன்று போதும். ஹிப்போகேம்பஸ் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அதில் தெரியும். நிலைமை மோசமானாலோ, புது வலிப்பு வந்தாலோ, முதல் படத்தில் கட்டியா அழற்சியா என்ற சந்தேகம் இருந்தாலோ உடனே எடுக்க வேண்டும். கூடுமானவரை அதே மெஷினில், அதே படங்களைக் கேளுங்கள். மெஷின் மாறினால் வெண்மையின் அளவும் மாறும், ‘முன்னைவிடக் குறைந்திருக்கிறது’ என்பதை நம்ப முடியாது. ஒப்பிடுவதற்கு பிலிம் போதாது. அதில் வருவது தேர்ந்தெடுத்த சில படங்கள்தான், 3டி ஃபிளேரைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது. ஸ்கேனின் மூலப் படங்களான டைகாம் கோப்புகள் முழுவதும் உள்ள சிடியையோ பென் டிரைவையோ கேட்டு வாங்கி, சென்டரை விட்டுக் கிளம்பும் முன் அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து, காண்ட்ராஸ்ட்டுக்கு முந்தைய டி1 உட்பட எல்லாத் தொகுப்பும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.